சிவப்புக்கு மட்டும் அனுமதி

அத்தியாயம் 6

பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் போகும் பஸ்ஸில் மனிதர்களைவிட மீன்கூடைகளுக்கு மரியாதை அதிகம். கூடைகளுக்கு சீட்டு கிடைத்தது. மண்ணடியில் போர்டு மாட்டித் துப்பறியும் கௌஸ் மைதீனுக்குக் கிடைக்கவில்லை. கம்பியில் தொங்கியபடி அவர் வெளியே பார்த்தார். பிறந்த ஊர். இருபது வருஷத்துக்கு முன்னால் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியபோது எந்த நாற்றம் வழியனுப்பியதோ, அதே நாற்றம்தான் இப்போதும் வரவேற்றது. இந்த ஊர் முன்னேறவில்லை என்று முடிவு கட்டினார். தான் முன்னேறினோமா என்ற கேள்வியை அவர் யாரிடமும் கேட்டதில்லை. முக்கியமாகத் தன்னிடம்.

"இன்னொரு தபா சொல்லு பாய்," என்றாள் இந்திராணி. "காணாமப் போனது இன்னா?"

அவருடைய உதவியாளர். ராயபுரத்துக்காரி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஏழு வருஷம் ஊரார் பேச்சைக் கேட்டுக் காது பழுத்தபின் துப்பறிய வந்தவள். இன்றைக்குப் புதுச் சிவப்புப் புடவை கட்டியிருந்தாள். துப்பறியப் போகிறவள் அடையாளம் தெரியாமல் போகவேண்டும் என்று அவர் சொன்னதற்கு, "பஸ்ஸுல தொலைஞ்சா கண்டுபுடிக்க சௌகரியம்" என்று பதில் சொல்லியிருந்தாள்.

"கண்ணாடிச் சில்லு. ஒத்த ரூபா காசு அளவு."

"இந்த பஸ்ஸுல நாலு சன்னலுக்குக் கண்ணாடியே காணோம். அதுக்கு யாரும் நம்மளக் கூப்பிடலையே!"

"இது வெளிநாட்டுக் கண்ணாடி."

விஷயம் இதுதான். ஆதிநாராயணன் என்று ஓர் ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர். தெற்கு வானத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெரிய சிவப்பு மேகம் பரந்து கிடக்கிறதாம். நட்சத்திரங்களுக்கு நடுவே வெறும் ஹைட்ரஜன் வாயு. அதைப் படம் பிடிக்கப் பழவேற்காட்டில் ஒரு மாடிவீடு வாடகைக்கு எடுத்து, மொட்டை மாடியில் கேமராவை நிறுத்தியிருக்கிறார். ஆனால் தெற்கே எண்ணூர் வெளிச்சம், அதற்குப் பின்னால் மெட்ராஸ் வெளிச்சம், மூக்குக்கு எதிரே படகுத்துறையில் ஐஸ் ஃபாக்டரி விளக்கு. வானமே வெளுத்துப்போய்க் கிடக்கிறது. அதற்குத்தான் அந்தச் சில்லு. ஹைட்ரஜன் விடுகிற ஒரே ஒரு சிவப்பை மட்டும் உள்ளே விடும். மற்ற எல்லா வெளிச்சத்தையும் வெளியிலேயே நிறுத்திவிடும். மெட்ராஸில் உள்ள வானம் பார்ப்போர் சங்கத்துக்கு வெளிநாட்டுச் சங்கம் ஒன்று இரவல் கொடுத்தது; சங்கம் அதைப் பேராசிரியரிடம் கொடுத்திருந்தது.

"கல்யாண வாசல்ல நிக்கிற தாய்மாமன் மாதிரி," என்றாள் இந்திராணி. "பத்திரிகை வெச்சிருந்தா உள்ள வா, இல்லாட்டி கெளம்பு."

"இந்த மாசத்துல மொத தடவையா உருப்படியா ஒண்ணு சொல்லிகீறே."

சனிக்கிழமை இரவு பதினொன்றே கால் வரை அந்தச் சில்லைப் போட்டுத்தான் படம் எடுத்தேன், விடிந்து பார்த்தால் காணோம் என்று பேராசிரியர் புகார் கொடுத்திருந்தார். சாட்சிக்கு அன்று எடுத்த படத்தையும் சங்கத்துக்கு அனுப்பியிருந்தார். சந்தேகம் யார்மேல்? அவர் பெட்டிகளை மாடிக்குச் சுமந்த பசியாவரம் என்ற ஏரித்தீவின் மீனவன் நீலமேகத்தின்மேல். இன்று காலை போலீஸ் அவனைப் பிடித்துவிட்டது. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜீப் வந்து கொண்டுபோகும். சில்லை எங்கே விற்றான் என்று அதற்குள் அவன் வாயிலிருந்து பிடுங்கவேண்டும். சங்கத்துச் செயலாளர் இவர்களை அனுப்பியது அதற்குத்தான்.

காவல் சாவடியில் ஏட்டு தசரதன் இருந்தார். சேலம் பக்கத்துக்காரர். மாற்றலாகி வந்து பதினெட்டு நாள் ஆகிறது. அதில் பதினேழு நாள் லீவு கேட்டு மனு எழுதியதில் கழிந்திருந்தது.

"திமிர் புடிச்சவன் சார். நான் எழுதியிருக்கறதைக் கேளுங்க." கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். "'சனிக்கிழமை இரவு நீ எங்கே இருந்தாய் என்று வினவியதற்கு, எதிரி, எங்க பாடு என்று அலட்சியமாகப் பதிலளித்தான்.' பாத்தீங்களா? எங்க பாடு, உனக்கென்னங்கறான்! போலீஸ்கிட்ட!"

மூலையில் நாற்பது வயது மனிதன் ஒருவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். லுங்கியில் ஏரித்தண்ணீர் காய்ந்து உப்புக் கோடு போட்டிருந்தது.

"நீ இன்னாப்பா சொன்னே?" என்றார் கௌஸ் மைதீன்.

"நெசத்தைத்தான் சொன்னேன் பாய். எங்க பாடுன்னேன். அதுக்கு ஒரு அறை வுட்டாரு."

கௌஸ் மைதீன் ஏட்டைப் பார்த்த பார்வையில், மண்ணடியில் ஓசியில் டீ கேட்பவர்களுக்காக அவர் ஒதுக்கிவைத்திருந்த அலட்சியம் முழுவதும் இருந்தது.

"ஏட்டய்யா, இந்த ஏரியில எவனும் நெனைச்ச எடத்துல வலை போட முடியாது. முகத்துவாரத்தாண்ட நல்ல எடம் கொஞ்சம்தான். அதை ஊரூரா முறை வெச்சுப் பங்கு போட்டுக்கறாங்க. அந்த முறைக்குப் பேருதான் பாடு. சனிக்கிழமை பசியாவரத்துப் பாடு. பொழுது சாஞ்சதுலேர்ந்து விடியற வரைக்கும் வலையாண்ட இருந்தேன்னு சொல்லிகீறான். நீங்க கேட்ட கேள்விக்கு இதைவிட நேரா எவனும் பதில் சொல்ல முடியாது."

தசரதன் கண்ணாடியைக் கழற்றினார். "சாட்சி?"

"கூட பதினோரு பேரு," என்றான் நீலமேகம்.

"யாரு யாரு?"

"மச்சான், பங்காளி, சித்தப்பன் மகன்..."

"அப்ப பன்னெண்டு எதிரி."

"கணக்கு உங்களுக்கு நல்லா வருது ஏட்டய்யா," என்றாள் இந்திராணி. "வாத்தியார் வேலைக்குப் போயிருந்தா பசங்க நம்ம ஊர விட்டே ஓடியிருப்பாங்க."

நீலமேகம் சிரிக்கவில்லை. "ஜெயிலு ஒண்ணும் பெரிசில்லே பாய். இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள எங்கூர்ல இந்த வருசத்துப் பாடு யாருக்குன்னு பேரு படிக்கிறாங்க. திருட்டுக் கேஸு இருந்தா என் பேரைத் தாண்டிப் படிச்சுருவாங்க. அப்பறம் வருசம் பூரா கரையில நின்னு அடுத்தவன் வலையைப் பாத்துகினு இருக்கணும். ரெண்டு பொண்ணு வெச்சிருக்கேன்."

அவர்கள் வெளியே வந்தபோது மணி இரண்டரை.

"இவன் திருடலே," என்றார் கௌஸ் மைதீன்.

"எப்படி சொல்றே?"

"திருடினவனா இருந்தா ஏட்டுக்குப் புரியற மாதிரி பதில் சொல்லியிருப்பான்."

"கோர்ட்டுல இதைச் சொன்னா நம்மளையும் சேத்து உள்ள வெப்பாங்க பாய். வேற இன்னா இருக்குது?"

வேறு எதுவும் இல்லை. நீலமேகத்தின் மனைவி காசியம்மாள் ஐஸ் ஃபாக்டரியில் மீன் கொடுக்க வந்திருப்பதாகச் சொன்னார்கள். அவளைப் பார்க்கப் போனார்கள்.

ஐஸ் ஃபாக்டரியின் மீன் எடுக்கும் கொட்டகைக்கு நாலு பக்கமும் தகரம், சன்னல் கிடையாது. பட்டப்பகலிலும் உள்ளே ஒரு மெர்குரி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் எல்லோருமே மூன்று நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்கள் போல இருந்தார்கள்.

"பாய், என் பொடவை செத்துப்போச்சு!" என்று அலறினாள் இந்திராணி.

அவளுடைய புதுச் சிவப்புப் புடவை கருப்பாக இருந்தது. கௌஸ் மைதீன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளே ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது, அதில் காசியம்மாளின் குரல்தான் கூரைத் தகரத்தை அதிரவைத்தது.

"ரெண்டாந்தரமா? இந்த மடவை ரெண்டாந்தரமா? காலையில புடிச்சதுய்யா!"

தரம் பார்க்கும் ஆள் மீனின் செவுளைத் தூக்கிக் காட்டினான். "பாரு, கருத்துக் கெடக்குது. செத்து ரெண்டு நாளாயிருக்கும்."

"கருத்தது மீனில்லே, உன் வெளக்கு! வெளிய வா. சூரியனை ஒண்ணும் நான் கைக்குள்ள போட்டு வெச்சிருக்கலே, வந்து பாரு!"

அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெயிலுக்கு வந்தாள். செவுளைத் தூக்கினாள். ரத்தச் சிவப்பு.

"இன்னா இது? கருப்பா?"

"சரி சரி, மொதல் தரம். கூவாதே."

"தெனமும் இதே பேஜாரு! இந்த எழவு வெளக்கு வந்ததுலேர்ந்து நல்ல மீனெல்லாம் நாறின மீனாப் போச்சு. ராத்திரியானா அரிக்கேனைத் தூக்கிகினு வரவேண்டியதாகீது. அரிக்கேன் வெளிச்சத்துலயாவது செவுளு செவப்பாத் தெரியும்."

கௌஸ் மைதீன் அப்படியே நின்றார். அவர் வாயை மூடி நிற்பது பொன்னேரி பஸ் நேரத்துக்கு வருவது போல அபூர்வமான சம்பவம். இந்திராணி பயந்துபோனாள்.

"பாய்? வெயிலு ஏறிடுச்சா?"

"உன் பொடவை இப்ப இன்னா கலர்?"

குனிந்து பார்த்தாள். "சிவப்பு. ஐயோ, உசுரு வந்துடுச்சு!"

அவர் பையிலிருந்து, சங்கம் கொடுத்தனுப்பிய பேராசிரியரின் சனிக்கிழமைப் படத்தை எடுத்து, அதன் அடிப்பக்கத்தை மட்டும் மூக்கு முட்டப் பார்த்தார். பிறகு காசியம்மாளிடம் திரும்பினார். "அம்மா, துறையில கம்பத்து மேல ராத்திரி எரியறதும் இதே வெளக்குதானா?"

"அதேதான். இதுக்கு அண்ணன். நீங்க யாரு?"

"உன் வூட்டுக்காரரை வெளிய கொண்டாரப் போறவன். கூடையை யாருகிட்டயாவது குடுத்துட்டு வா."

பேராசிரியர் ஆதிநாராயணன் மாடியில் ஈஸிச்சேரில் சாய்ந்திருந்தார். கௌஸ் மைதீனை உட்காரச் சொன்னார், இந்திராணியைச் சொல்லவில்லை, காசியம்மாள் வந்திருப்பதையே அவர் மூக்கு மட்டும்தான் ஒப்புக்கொண்டது. கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

"ஒத்துண்டானா அந்த ஆள்?"

"அதுக்கு முன்னே அந்தக் கண்ணாடியைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க சார்."

"உங்களுக்குப் புரியாது."

"பரவால்லே. எங்களுக்குப் புரியாத விஷயத்துலதான் எங்க பொழப்பே ஓடுது."

"அது ஒரு குறிப்பிட்ட சிவப்பை மட்டும் விடும். பச்சை, நீலம், மஞ்சள் எதுவும் தாண்டி வராது. இந்த ஊர்ல எவ்வளவு அசட்டு விளக்குப் போட்டாலும் எனக்குக் கவலையில்லை. இதெல்லாம் இந்த ஜனங்களுக்கு எங்கே தெரியப்போறது? கலர் கண்ணாடின்னு நெனைச்சு எடுத்துண்டு போயிருப்பான்."

சுவரில் போன மாசம், ஜனவரியில் எடுத்த படம் ஒன்று தொங்கியது. கௌஸ் மைதீன் எழுந்துபோய் அதைப் பார்த்தார். நட்சத்திரங்களுக்கு நடுவே புகை போல மேகம். படத்தின் அடியில், ஏரி இருக்கும் இடத்தில், நாலைந்து மெல்லிய கோடுகள்.

"இது இன்னா சார் கோடு?"

"வலைக்கம்புல அரிக்கேன் கட்டித் தொங்கவிடறாளே, அது. கேமரா நட்சத்திரத்தோட சேர்ந்து மெதுவாத் திரும்பும். அதனால தரையில இருக்கிற வெளிச்சம் கோடா இழுபடும்."

"அரிக்கேன்ல சிவப்பு இருக்குது. அதனால கண்ணாடி அதை உள்ள வுட்டுச்சு. சரிங்களா?"

"பரவாயில்லையே!"

கௌஸ் மைதீன் சனிக்கிழமைப் படத்தை அவர் மடியில் வைத்தார். அடியில் ஒரு தடித்த வெள்ளைக் கோடு, சுண்ணாம்பில் விரலைத் தோய்த்து இழுத்த மாதிரி. "இது?"

"ஐஸ் ஃபாக்டரி விளக்கு. சின்ன விஷயம். உங்களுக்குப்..."

"புரியாது. ஜனவரிப் படத்துல அந்த வெளக்கு ஏன் இல்லே? அப்பவும் அதே கம்பத்துலதானே எரிஞ்சுது?"

பேராசிரியர் சுவரில் இருந்த படத்தையும் மடியில் இருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தம்மாவைக் கேளுங்க சார், சொல்லுவாங்க," என்றார் கௌஸ் மைதீன். "அந்த வெளக்குல சிவப்பே கெடையாது. சிவப்புப் பொடவை அதுக்குக் கீழ கருப்பு. சிவப்புச் செவுளு கருப்பு. சிவப்பு இல்லாத வெளக்கு சிவப்பை மட்டும் விடற கண்ணாடியைத் தாண்டி வந்து உங்க படத்துல எப்படி உக்காந்துச்சு? கண்ணாடி இருந்தா வராது. வந்திருக்குன்னா கண்ணாடி இல்லே. சனிக்கிழமை ராத்திரி நீங்க அதைப் போடவே இல்லே."

பேராசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒரு ஒப்பீட்டுக்காக அந்த ஒரு படத்துக்கு மட்டும் கழட்டி வெச்சிருப்பேன். சயன்ஸ்ல அது சகஜம். உங்க கண்டுபிடிப்பெல்லாம்..."

இந்திராணி படத்தைத் திருப்பி, டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் குரலில் வாசித்தாள். "'ஹைட்ரஜன் ஃபில்டருடன். சனிக்கிழமை இரவு 9.40 முதல் 11.10 வரை. ஆதிநாராயணன்.' கையெழுத்து முத்து முத்தாகீது சார். லைன்ல இருக்கீங்களா?"

அவர் லைனில் இல்லை. ஈஸிச்சேரில் இருந்தவர் இரண்டு சுற்று இளைத்துவிட்டது போல் இருந்தது. கடைசியில் எழுந்துபோய், அலமாரியிலிருந்து ஒரு ஷேவிங் சோப்பு டப்பாவை எடுத்துவந்து திறந்தார். உள்ளே அந்தச் சில்லு. நடுவில் சொறி பிடித்த நாய் போலப் பூச்சு உரிந்து, பாதி சிவப்பும் பாதி வெறும் கண்ணாடியுமாக.

"உப்புக்காத்து," என்றார். "கேமராவிலேயே விட்டுட்டேன். வெள்ளையாப் பூத்தது. ஈரத்துணியால தொடைச்சேன். தோல் மாதிரி கையோட வந்துடுத்து. இரவல் சாமான். நான் கெடுத்தேன்னு தெரிஞ்சா இனிமே எந்தச் சங்கமும் ஒரு திருகாணிகூடத் தராது."

"கருவாடு விக்கறவனுக்குத் தெரியும் சார், இந்த ஊர்ல எதையும் மூடி வெக்கணும்னு," என்றார் கௌஸ் மைதீன். "அது கெடக்கட்டும். இந்தப் படத்தை எந்தத் தைரியத்துல அனுப்பினீங்க?"

"சங்கத்துல எல்லாரும் நட்சத்திரத்தைத்தான் பாப்பா. கீழே இருக்கறதை எவன் பாக்கப்போறான்னு நெனைச்சேன்."

"கீழ இருக்கறவனையும் அப்படித்தான் நெனைச்சீங்க."

காசியம்மாள் சோப்பு டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தாள். "இதுக்கா?" என்றாள். அவ்வளவுதான். தரம் பார்க்கும் ஆளிடம் கத்திய அதே வாயிலிருந்து அவ்வளவு சின்னதாக ஒரு சத்தம் வரும் என்று கௌஸ் மைதீன் எதிர்பார்க்கவில்லை.

நாலே முக்காலுக்குச் சாவடியில் பேராசிரியர் ஒரு கடிதம் எழுதி ஏட்டிடம் நீட்டினார். 'காணாமல் போனதாகக் கருதப்பட்ட பொருள் கிடைத்துவிட்டபடியால் புகாரை வாபஸ் பெறுகிறேன்.' தசரதன் சந்தோஷமாக வாங்கி உரக்கப் படித்தார். ஒரு வழக்கு முடிந்தால் ஒரு மனு எழுத நேரம் கிடைக்கும்.

"நீ போகலாம்," என்றார் நீலமேகத்திடம்.

நீலமேகம் எழுந்திருக்கவில்லை.

"என்னய்யா?" என்றார் ஏட்டு.

"கெடைச்சுதுன்னு எழுதிகீறாரு. யார்கிட்ட கெடைச்சுதுன்னு எழுதலே. நான் ஊருக்குப் போனா இன்னா பேசுவாங்க? திருடினான், அடி வாங்கினான், திருப்பிக் குடுத்தான்னு பேசுவாங்க. என் பேரைப் படிக்க மாட்டாங்க. இதுக்கு நான் ஜீப்புலயே போறேன்."

"அதுக்கு நான் என்ன பண்ணணும்கிறே?" என்றார் பேராசிரியர்.

"எங்கூருக்கு வரணும். வந்து உன் வாயால சொல்லணும்."

"அந்தத் தீவுக்கா? அதெல்லாம் சாத்தியமில்லை."

கௌஸ் மைதீன் சனிக்கிழமைப் படத்தை எடுத்து விசிறிக்கொண்டார். "இந்தப் படம் ரொம்ப நல்லாகீது சார். வெளிநாட்டுச் சங்கத்துக்கும் ஒரு காப்பி அனுப்பலாம்னு இருக்கேன். கோட்டுக்கு அம்புக்குறி போட்டு."

பேராசிரியர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

படகில் ஐந்து பேர். சேற்றில் கால் வைக்காமல் ஏறமுடியுமா என்று பேராசிரியர் கேட்டதற்கு, "ஏரிக்கு இன்னும் தரை போடலே சார்" என்றாள் இந்திராணி. நீலமேகம் கோலை ஊன்றித் தள்ளினான். சூரியன் ஏரியின்மேல் ஒரு முழம் உயரத்தில் நின்றது. பாதி வழியிலேயே தீவுக் கரையிலிருந்து குரல் கேட்டது. ஊர்த் தலைவர் பெரியசாமி பேர் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

"தள்ளுய்யா!" என்று கத்தினாள் காசியம்மாள். அடுத்த நிமிஷம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் குதித்து, தானே படகை இழுக்க ஆரம்பித்தாள். "நிறுத்துங்க! பேரை நிறுத்துங்க!"

கோயிலுக்கு முன்னால் மணலில் ஊரே உட்கார்ந்திருந்தது. பெரியசாமி நோட்டிலிருந்து தலை நிமிர்ந்தார். நீலமேகத்தின் பேர் இருந்த வரியைத் தாண்டி விரல் இரண்டு வரி கீழே போயிருந்தது.

பேராசிரியர் கையில் சோப்பு டப்பாவும் முழங்கால் சேறுமாக வந்து நின்று தொண்டையைக் கனைத்தார். "ஒரு நுட்பமான கருவி, சூழ்நிலை காரணமாகப் பழுதடைந்துவிட்டது. அது தொடர்பாக ஒரு தவறான புரிதல்..."

காசியம்மாள் ஈரச் சேலையோடு அவர் எதிரில் வந்து நின்றாள். "யாரு கெடுத்தது?"

"நான் சொல்றேன், அந்தக் காத்துல இருக்கிற உப்பு..."

"யாரு?"

பேராசிரியர் சுற்றிலும் பார்த்தார். இத்தனை கண்கள் ஒரே நேரத்தில் தன்னைக் கீழிருந்து பார்ப்பது அவருக்குப் புதிது.

"நான்."

"எங்க வூட்டுக்காரரு எடுத்தாரா?"

"இல்லை. என் அலமாரியிலேதான் இருந்தது. நான் பொய் சொன்னேன்."

பெரியசாமி விரலை இரண்டு வரி மேலே கொண்டுபோனார். "நீலமேகம்," என்று படித்தார். "வந்துகீறேன்," என்று பதில் வந்தது. பிறகு அடுத்த பேர். அதற்குப் பிறகு அந்த மணலில் ஒருவரும் பேராசிரியர் பக்கம் திரும்பவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

முறை சுற்றி வந்து அன்றைக்குப் பாடு மறுபடி பசியாவரத்துடையது. வலைகள் படகில் ஏறின. நீலமேகம், வழியில் இறக்கிவிடுவதாகக் கௌஸ் மைதீனையும் இந்திராணியையும் ஏறச் சொன்னான். பேராசிரியர் ஓடிவந்தார்.

"நான்?"

"வலை இருக்குது, ஆளு இருக்குது. எடம் இல்லே சாரே," என்றான் நீலமேகம். "காலையில மீன் படகு வரும்."

"ராத்திரி பூரா நான் இங்கே என்ன பண்றது?"

நீலமேகம் கோலை ஊன்றியபடி யோசித்தான். அவன் குரலில் கோபம்கூட இல்லை. "போன மாசம் உன் பொட்டியெல்லாம் தூக்கிகினு வந்தப்பவே கேட்டேன். வெளக்கு தொந்தரவுன்னா எங்கூருக்கு வா சாரே, இங்க கரண்டே வரலே, ஒரு பல்பு கெடையாதுன்னேன். நீதான் மீன் நாத்தம்னே."

படகு நகர்ந்தது. இந்திராணி திரும்பிப் பார்த்தாள். கரையில் இருட்ட ஆரம்பித்திருந்தது. ஒரு விளக்கும் இல்லாத அந்தத் தீவுக்கு மேலே நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக வந்து, கொஞ்ச நேரத்தில் இடமே இல்லாமல் நெருக்கிக்கொண்டு நின்றன. கேமரா இல்லாமல், கையில் சோப்பு டப்பாவோடு, பேராசிரியர் ஆதிநாராயணன் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.